முற்றத்தில் ஆள் இல்லை

பிற்பகல் மூன்று மணி நெருங்கினால் ஹில்லேவிக்கு வேலையில் மனம் நிற்காது. நகரத்துப் பேருந்துப் பணிமனையில் எந்த ஓட்டுநர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பது என்று பட்டியல் போடுகிறவள் அவள். இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. பனிப்புயலில் மூன்று பேருந்துகள் ஒரே நேரத்தில் சாலையோரப் பள்ளத்தில் இறங்கினாலும் குரல் உயராமல் மாற்று வண்டி அனுப்புகிறவள் என்று பெயர் வாங்கியவள். அப்பேர்ப்பட்டவள் இப்போதெல்லாம் இரண்டேமுக்கால் ஆனதும் கைபேசியை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓரக்கண்ணை அதன் மேலேயே வைத்திருப்பாள்.

மூன்று மணி சுமாருக்கு அது ஒருமுறை அதிரும். ‘முற்றத்தில் ஆள்’ என்று இரண்டே வார்த்தை. கூடவே ஒரு படம். அவள் கணவன் ஸ்தூரே, காதை மூடும் தொப்பியும் சாம்பல் நிற முழு அங்கியுமாக, ஒரு கையில் விறகுக் கூடையோடு, மறு கையைக் கேமராவைப் பார்த்து உயர்த்தியபடி நிற்பான். சில நாள் ராணுவக்காரன் மாதிரி சல்யூட் வைப்பான். சில நாள் நாக்கைத் துருத்துவான். பத்து நிமிடத்தில் இன்னொரு அதிர்வு வரும்: நிறைந்த கூடையோடு அவன் வீட்டுக்குத் திரும்புகிற படம். அதற்கப்புறம்தான் அவள் எழுந்து காப்பி ஊற்றிக்கொள்ளப் போவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இலையுதிர் காலத்தில், மரம் ஏற்றிய லாரியை ஓட்டிக்கொண்டிருந்தபோதே ஸ்தூரேயின் மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. எப்படியோ லாரியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் மயங்கினான். பிழைத்தான். பேச்சு திரும்பியது, நடை திரும்பியது. ஆனால் எப்போதாவது வலிப்பு வரும் என்று ஆனது. ஓட்டுநர் உரிமம் போனது. ஐம்பத்தைந்து வயதில், நாற்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஹாரனெஸ் கிராமத்து வீட்டில், பகலெல்லாம் அவன் தனியாக. நகராட்சிக்காரர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஓர் அபாய வளையம் தருகிறோம் என்றார்கள். பொத்தானை அழுத்தினால் உதவிக்கு ஆள் வரும். “காட்டுல மேய விடற மானுக்குத்தான் கழுத்துல பட்டை கட்டுவாங்க” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டான்.

கேமரா வாங்கியபோது ஹில்லேவி அவனிடம் உண்மையைச் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் டீசல் திருடுகிறார்கள், அதற்காக என்றாள்.

“நம்ம வீட்டுல டீசல் ஏது? என்னையத் திருடிட்டுப் போயிடுவாங்கன்னு பயமா?”

“உன்னைத் திருடினவன் மறுநாளே கொண்டாந்து விட்டுருவான்.”

அவன் சிரித்தான். பிறகு, “பாக்கட்டும். ஆனா காது இல்லாததா வாங்கு. நான் தனியாப் பேசிக்கிறதெல்லாம் உன் ஆபீசுக்குக் கேக்க வேணாம்” என்றான். அதனால் பேசவும் கேட்கவும் வசதி இல்லாத மலிவான ஒன்றை வாங்கி, கூரை முகட்டுக்குக் கீழே மாட்டினாள். திருடனுக்காக இல்லை என்பது அவனுக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருடனைப் பிடிக்கிற கேமராவுக்கு யார் கையாட்டுவார்கள்?

டிசம்பரில் அந்த வடகோடியில் இரண்டு மணிக்கே இருட்டிவிடும். ஸ்தூரே விறகுக்குப் போவதே இருட்டில்தான். அதனால் ஆள் வந்தால் விளக்கு எரிய வேண்டும் என்று ஹில்லேவி நினைத்தாள். வாசலில் ஒன்று, முற்றத்துக் கம்பத்தில் ஒன்று, விறகுக் கொட்டகைச் சுவரில் ஒன்று என மூன்று விளக்குகள். முதலில் எது அசைந்தாலும் எரிகிற மாதிரி வைத்தாள். முயல் ஓடினால் எரிந்தது, பனி கொட்டினால் எரிந்தது, ஒரு கடமான் வந்து ஆப்பிள் மரத்துப் பட்டையைத் தின்ற நேரம் முழுக்க எரிந்தது. பிறகு நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து, படத்தில் தெரிவது மனிதனா இல்லையா என்று பிரித்துப் பார்க்கிற மென்பொருளைச் சின்னக் கணினி ஒன்றில் ஏற்றி, துணி அலமாரிக்குள் வைத்தாள். அது ஒவ்வொரு படத்துக்கும் மதிப்பெண் போடும். ஆள் என்று அறுபது சதவீதம் நம்பினால் மூன்று விளக்கும் எரியும், அவளுக்குச் செய்தி போகும். இரண்டு நிமிடம் ஆளே தென்படாவிட்டால் அணைந்துவிடும். மூன்று வாரம் சொன்ன பேச்சைக் கேட்டது.

நான்காவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எவர்ட் வந்தான். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரன், ஸ்தூரேயோடு ஒரே பெஞ்சில் படித்தவன், சுரங்கத்தில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன். காலணியைக்கூடக் கழற்றாமல் கதவோரத்திலேயே நின்றான்.

“ஹில்லேவி, காலையிலேர்ந்து உங்க வீட்டு விளக்கு மணிக்கு மூணு தடவை எரியுது. அது எரிஞ்சா என் நாய் குரைக்குது. நாய் குரைச்சா எனக்குத் தூக்கம் போச்சு. நான் பூமிக்குக் கீழ எட்டு மணி நேரம் வெடி வெச்சுட்டு வர்ற ஆளு. தூங்காமப் போய் வெடி வெக்கவா?”

“மூணு தடவையா? லீவு நாள்னு போனைப் பாக்கவே இல்ல. யாரும் வெளியவே போகலையே.”

அவள் கணினியைத் திறந்து பார்த்தாள். வேலியோரத்து ஜூனிபர் புதர். மேலே பனி உருண்டையாகப் படிந்து தலை மாதிரி இருந்தது. காற்றில் அசையும்போதெல்லாம் ‘ஆள், எழுபத்தொன்று சதவீதம்.’

ஸ்தூரே அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். “என்னைவிட நல்லா இருக்கானே, ஹில்லேவி. இவனையே வெச்சுக்க.”

எவர்ட் சிரிக்கவில்லை. “சிரிப்பு அப்புறம். இதை நிறுத்துங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த முகத்தை ஹில்லேவியால் தாங்க முடியவில்லை. அவசரமென்றால் ஓடிவரக்கூடிய ஒரே ஆள் அவன்தான். அவனைப் பகைத்துக்கொள்ள முடியாது. அன்று மாலையே அறுபதை எண்பத்தைந்தாக மாற்றினாள். புதர் அடங்கியது. ஸ்தூரே நிமிர்ந்து நின்றால் தொண்ணூற்று மூன்று வருகிறது, போதும் என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு. மூன்று மணி நாலு நிமிடத்துக்குக் கைபேசி அதிர்ந்தது. படத்தில் ஸ்தூரே தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தான். மூன்று ஏழுக்கு விளக்கு அணைந்ததாகப் பதிவானது. அதில் ஒன்றுமில்லை, கொட்டகைக்குள் போய் விறகு அடுக்கும்போது எப்போதும் அணையும், வெளியே வந்ததும் எரியும்.

அந்த நேரம் பார்த்து ஓர் ஓட்டுநர் வந்து, சனிக்கிழமைப் பணியை மாற்றித் தரச் சொல்லி வாதாடிக்கொண்டிருந்தான். ஹில்லேவி தலையாட்டினாள். கண் கைபேசியில். மூன்று பதினான்கு. மூன்று பதினைந்து. அது அதிரவில்லை.

“கேக்கறியா இல்லையா?” என்றான் ஓட்டுநர்.

“மாத்தித் தர்றேன், போ.”

வீட்டுக்குப் போன் அடித்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தாள். கழிப்பறையில் இருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேமராவின் நேரடிப் படத்தைத் திறந்தாள். இருட்டில் முற்றம் முழுக்க மங்கலான சாம்பலாக இருக்கும், ஆள் நிமிர்ந்து நடந்தால்தான் அடையாளம் தெரியும். அதன் மேல் விழுகிற பனி வெள்ளைக் கோடுகளாகக் கிழிக்கும், அவ்வளவுதான். கைபேசியிலிருந்தே விளக்குகளைப் போட்டாள்.

முற்றம் வெளிச்சமானது. ஆள் இல்லை. கொட்டகைக் கதவு திறந்திருந்தது. அதன் முன்னால் கூடை கவிழ்ந்து கிடந்தது, அதைச் சுற்றி, கதவோரம் எப்போதும் சிந்திக் கிடக்கிற நாலைந்து விறகு. அவற்றில் ஒன்று மற்றவற்றைவிடத் தடிமனாக இருந்தது. விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். அது விறகில்லை, காலணி. காலணியிலிருந்து மேலே, பனி மூடிய சாம்பல் நிறம் நீளமாகப் போனது. அந்தச் சாம்பல் நிறத்தின் கோடியில் ஒரு கை எழுந்து, விழுந்தது.

“போதில்!” என்று கத்தினாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறையில் யாரும் அவள் கத்திக் கேட்டதில்லை. பக்கத்து மேசை போதில் நாற்காலியோடு திரும்பினாள். “நூத்திப் பன்னெண்டுக்கு அடி. என் வீட்டு முகவரி சொல்லு. ஸ்தூரே வெளிய விழுந்து கெடக்கான்.”

போதில் போனைக் காதில் வைத்துக்கொண்டே திரும்பிச் சொன்னாள்: “ஆம்புலன்ஸ் வந்து சேர நாப்பது நிமிஷமாவது ஆகுமாம். பக்கத்துல யாராவது இருக்காங்களான்னு கேக்கறாங்க.”

எவர்ட். அவள் எவர்டுக்கு அடித்தாள். நேராகப் பதிவுக் குரலுக்குப் போனது. பகலில் தூங்கும்போது போனை அணைத்துவிடுவான். அதற்கடுத்த வீடு ஒரு கிலோமீட்டர் தள்ளி. அதுவும் கோடைக்கு மட்டும் ஆள் வருகிற வீடு.

நாற்பது நிமிடம். பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு. எவ்வளவு நேரமாக அங்கே கிடக்கிறானோ. வண்டியை எடுத்துக்கொண்டு பறக்க வேண்டும் என்று கால் துடித்தது. எடுத்தாலும் ஐம்பது நிமிடம். கையிலிருப்பது இந்தத் திரையும் மூன்று விளக்கும்தான்.

அவள் விளக்குகளை அணைத்தாள். போட்டாள். அணைத்தாள். போட்டாள்.

“என்ன பண்றே?” என்றாள் போதில்.

“நாயை எழுப்பறேன்.”

எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து, அந்த முற்றம் முழுக்க இமைத்தது. ஒவ்வொரு தடவை வெளிச்சம் வரும்போதும் அந்தக் கை எழுகிறதா என்று பார்த்தாள். இரண்டு தடவை எழுந்தது. பிறகு எழவில்லை. கட்டைவிரல் மரத்துப்போகிற வரை அழுத்திக்கொண்டே இருந்தாள். மூன்று இருபத்தாறுக்குக் கைபேசி அதிர்ந்தது: ‘முற்றத்தில் ஆள்.’

எவர்ட் வந்திருந்தான். நீளமான உள்ளாடை, ரப்பர் காலணி, மேலே திறந்த கோட்டு. கேமராவுக்கு நேர் கீழே நின்று, இரண்டு கையையும் வீசி, வாயை அகலத் திறந்து திட்டினான். சத்தமில்லாத வசவு. அவன் முதுகுக்குப் பின்னால் பதினைந்து அடியில் ஸ்தூரே கிடந்தான். எவர்ட் திரும்பிப் பார்க்கவே இல்லை.

“திரும்புடா!” என்று ஹில்லேவி திரையைப் பார்த்துக் கத்தினாள். “பின்னால பாரு! கடவுளே, பின்னால!”

காது இல்லாத கேமரா. வாயும் இல்லை.

கொட்டகை விளக்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் அணைத்தாள். அங்கே பார் என்று வேறெப்படிச் சொல்வது? ஆனால் எவர்ட் முழு ஆளாக நடு முற்றத்தில் நிற்கிறான்; அலமாரிக்குள் இருந்த கணினி தன் கடமையைச் செய்தது. ஆள் இருக்கிறான் என்று மூன்றையும் உடனே எரியவிட்டது. அவள் அணைத்தாள், அது போட்டது. அணைத்தாள், போட்டது. எவர்ட் கடைசியாக ஒரு தடவை கையை ஓங்கிக் காட்டிவிட்டு வேலிப் பக்கம் நடக்க ஆரம்பித்தான்.

தானாக இயங்கும் விதிகளை நிறுத்துகிற பொத்தான் எங்கேயோ மூன்றாவது பக்கத்தில் இருந்தது. அவளே வைத்ததுதான். அவசரத்தில் வேறெதையோ இரண்டு முறை திறந்தாள். கிடைத்ததும் விதியை நிறுத்தினாள். வாசல் விளக்கை அணைத்தாள். கம்பத்து விளக்கை அணைத்தாள்.

கொட்டகை மட்டும் எரிந்தது. எவர்ட் நின்றான். திரும்பினான். அந்த விளக்கைக் கொஞ்ச நேரம் முறைத்தான். பிறகு, அதைப் பிடுங்கி எறிந்துவிடுவது என்று முடிவு செய்தவன் மாதிரி விறுவிறுவென்று கொட்டகையை நோக்கி நடந்தான். கூடைக்குப் பக்கத்தில் வந்ததும் கால் சட்டென்று நின்றது. மண்டியிட்டான்.

ஹில்லேவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எவர்ட் கோட்டைக் கழற்றிப் போர்த்துவது தெரிந்தது. அவர்கள் வீட்டுக்குள் ஓடி, போர்வையும், உறைந்த ஏரிக்கு மீன் பிடிக்கப் போகும்போது ஸ்தூரே இழுத்துப்போகிற சறுக்குப் பலகையுமாகத் திரும்பி வந்தான். போதில் அவள் தோளில் கோட்டைப் போட்டு, “வா, நான் ஓட்டறேன்” என்றாள்.

வலிப்பெல்லாம் இல்லை. இரண்டு வருஷமாக அவள் பயந்தது ஒன்று, வந்தது வேறொன்று. பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது, யாருக்கும் நடக்கக்கூடியதுதான். முப்பத்தேழு டிகிரி இருக்க வேண்டிய உடம்புச் சூடு முப்பத்து நான்குக்கு இறங்கியிருந்தது. அன்றிரவே மருத்துவமனையில் ஆணி வைத்துத் தைத்தார்கள். இடது கையில் இரண்டு விரல் நுனி கறுத்திருந்தது. தப்புமா என்று போகப்போகத்தான் தெரியும் என்றார் மருத்துவர்.

மறுநாள் மதியம் ஸ்தூரே முழு நினைவோடு பேசினான். உதடு வெடித்திருந்தது.

“நான் கையை ஆட்டிக்கிட்டேதான் இருந்தேன், ஹில்லேவி. விழுந்ததும் மொதல்ல சிரிப்புத்தான் வந்துச்சு. அவ பாத்துக்கிட்டுத்தான இருக்கா, இப்ப ஆளை அனுப்புவான்னு நெனச்சேன். அப்புறம் வெளக்கு அணைஞ்சுது. அப்பத்தான் பயம் வந்துச்சு.”

அவள் அவன் வலது கையைப் பிடித்திருந்தாள். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் காலையில் கைபேசி வழியாக அவள் கணினியின் பதிவைப் பார்த்திருந்தாள். மூன்று ஐந்திலிருந்து மூன்று பதினெட்டுக்குள் அது பதின்மூன்று முறை அவனைக் கவனித்திருந்தது. ஆள், நாற்பத்தெட்டு. ஆள், ஐம்பத்திரண்டு. கையை உயர்த்தியபோதெல்லாம் ஆள், அறுபத்து நான்கு, அறுபத்தாறு. பதின்மூன்று முறை சந்தேகப்பட்டுப் பதின்மூன்று முறையும் வாயை மூடிக்கொண்டது. மூடச் சொன்னது அவள்.

“அது உன்னைப் பாத்துச்சு, ஸ்தூரே. அறுபத்தாறு போட்டிருந்துச்சு. நான் எவர்ட் சத்தம் போட்டான்னு எண்பத்தஞ்சா ஏத்தி வெச்சுட்டேன். பழையபடி விட்டிருந்தா வெளக்கு அணைஞ்சே இருக்காது. எனக்குச் செய்தி வந்திருக்கும். அந்தக் கேமரா திருடனுக்காக இல்ல. உனக்காகத்தான் வெச்சேன்.”

ஸ்தூரே ‘ஷூப்’ என்று மூச்சை உள்ளே இழுத்தான். அந்தப் பக்கத்து மனிதர்கள் ஆமாம் சொல்வது அப்படித்தான். தெரியும் என்கிறானா, சரி என்கிறானா என்று புரியவில்லை.

“அறுபத்தாறா?” என்றான் கூரையைப் பார்த்தபடி. “கீழ கெடக்கறப்பவா? பரவாயில்ல, பள்ளிக்கூடத்துல நான் அவ்வளவு வாங்கினதே இல்ல.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. “அந்த வளையத்தைக் கொண்டாரச் சொல்லு” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்து மாற்றுத் துணி எடுத்துவைத்தவள், அப்படியே அலமாரியைத் திறந்து கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். நிறுத்தியிருந்த விதியை மறுபடி இயக்கி, எண்பத்தைந்தை அறுபதாக்கினாள். மனசு கேட்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், கொட்டகைக்கு முன்னால், பனியில் இன்னும் குழிந்திருந்த அதே இடத்தில் மல்லாந்து படுத்தாள். மணி இரண்டரை, இருட்டு. அவள் நடந்து வந்ததற்கு எரிந்த விளக்கு தலைக்கு மேலே கூசியது. குளிர் முதலில் கழுத்தில் ஏறியது, அப்புறம் முதுகில். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். விளக்கு அணைந்தது.

கண்ணுக்கு முன்னால் எதுவுமே இல்லை. இதைத்தான் அவன் பார்த்தான் என்று நினைத்தாள். கையைத் தூக்க வேண்டும் என்பதுகூட மறந்துபோனது.

வேலிப் பக்கம் நாய் குரைத்தது. யாரோ தடதடவென்று ஓடிவந்தார்கள். விளக்கு எரிந்தது.

“இப்ப நீ வேறயா!” எவர்ட் அலறினான். “சன்னல்ல பாத்தா விழுந்து கெடக்கறே. என்ன ஆச்சு? எங்க அடி?”

“அடி இல்ல. படுத்திருக்கேன்.”

“படுத்திருக்கியா? எதுக்கு?”

அவள் எழுந்து உட்கார்ந்து சொன்னாள். அறுபதை எண்பத்தைந்தாக்கியதைப் பற்றி, ஏன் மாற்றினாள் என்பதைப் பற்றி. எவர்ட் கேட்டுக்கொண்டே நின்றான். அவன் முகம் மாறியது. அதுவரை யாரும் அவனிடம் அதைச் சொல்லவில்லை.

“என் தூக்கத்துக்காகவா?” என்றான்.

“நீ சொன்னே. மாத்தினது நான்தான்.”

அவன் கையுறையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, “நீயே படுத்து நீயே எப்படி மார்க் பாப்பே? உள்ள போ. நான் படுக்கறேன்” என்றான். சொன்னபடியே, அந்தப் பெரிய உடம்பை மெல்ல இறக்கிப் பனியில் நீட்டினான். நாய் குழம்பிப்போய் அவன் முகத்தை நக்கியது.

ஹில்லேவி உள்ளே ஓடினாள். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

“தெரியறனா?”

“நாப்பத்தொம்பது! குப்புறப் படு!”

“இப்ப?”

“முப்பத்தெட்டு. நாயைத் தள்ளி விடு, அதைத்தான் ஆளுங்குது!”

“அதுக்கு என்னைவிட மூளை ஜாஸ்தி, தப்பில்ல!”

எண்ணை நாற்பத்தைந்தாக இறக்கினாள், முப்பத்தைந்தாக்கினாள். புதர் நிற்கிற மூலையை மட்டும் கணக்கில் எடுக்காதே என்று கணினிக்குச் சொல்லிவைத்தாள். இரண்டு நிமிடத்தைப் பத்து நிமிடமாக்கினாள். ஒருமுறை ஆள் வெளியே போனான் என்றால், கதவு வழியாகத் திரும்பி வருகிறவரை விளக்கு அணையவே கூடாது என்று புதிதாக ஒரு விதி எழுதினாள். முதலிலேயே இது தோன்றாமல் போனதே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கொட்டகைக் கதவோரம், சுவரையொட்டி, பக்கவாட்டில் என்று எவர்டை எங்கெங்கோ படுக்க வைத்தாள். முக்கால் மணி நேரம் அவன் முணுமுணுத்துக்கொண்டே படுத்தான்.

“எவர்ட், போதும்! எல்லாம் தெரியுது. எழுந்திரு!”

பதில் இல்லை.

“எவர்ட்?”

திரையில் அவன் மல்லாந்து கிடந்தான். அசைவில்லை. நாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. ஹில்லேவி காலணிகூடப் போடாமல், காலுறையோடு வாசல்படி இறங்கிப் பனியில் ஓடினாள்.

“எவர்ட்! என்ன ஆச்சு உனக்கு?”

அவன் கண்ணை மட்டும் அவள் பக்கம் திருப்பினான்.

“கத்தாதே. முதுகு பிடிச்சுக்கிச்சு. கையைக் குடு.”

அவள் இரண்டு கையையும் கொடுத்தாள். அவன் கனம் அவளை முன்னால் இழுத்தது. வழுக்கி, சமாளித்து, குதிகாலை ஊன்றி மறுபடியும் இழுத்தாள். “மெதுவா, மெதுவா” என்று அவன் பல்லைக் கடித்தான். மூன்றாவது தடவை எழுந்துவிட்டான்.